விறகடுப்பு மெஸ்: ஆராய்ச்சி யார் பக்கம்?

கோட்டையூரான்:
காரைக்குடியில் நான் வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸில் விறகடுப்பை எடுத்துவிட்டு கேஸுக்கு மாறப் போகிறார்களாம். கேட்டால் புகை, நுரையீரல் என்கிறார்கள். ஹாப்பின் என்றொரு பெரிய ஆய்வு நம் நாகப்பட்டினம், விழுப்புரம் பக்கமும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவிலும் நடந்தது. 3,200 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசம். பிறந்த குழந்தைகளை ஒரு வயது வரை கவனித்தார்கள். கடுமையான நிமோனியா இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2024ல் முடிவு வந்துவிட்டது. அப்புறம் எதற்கு இந்தக் கூத்து?

பள்ளத்தூர் வள்ளி:
அண்ணே, அந்த மெஸ்ஸில் சமைப்பது கைக்குழந்தையா? விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் ஆச்சியைப் பற்றி அந்த ஆய்வு எங்கே பேசியது? கருவேல விறகு ஈரமாக இருந்தால் ஊதாங்குழலை எடுத்து, முகத்தை அடுப்புவாயில் வைத்து ஊதுவார். புகை அவ்வளவும் அவருக்குத்தான்.

கோட்டையூரான்:
நம் வீடுகளில் முற்றம் எதற்கு இருக்கிறது? புகை மேலே போய்விடும். எங்கள் அப்பத்தா கடைசிவரை விறகில்தான் சமைத்தார், ஒரு இருமல் கிடையாது.

மருந்துப்பெட்டி:
நெஞ்சக நோய்ப் பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன். உங்கள் அப்பத்தா நன்றாக இருந்தது சந்தோஷம். ஆனால் பீடி, சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கும் சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட மூச்சு அடைப்பு நோய் வருகிறது, விறகுப்புகை அதற்குத் தெரிந்த காரணம். அது ஒரு வருடத்தில் வருவதில்லை, பல வருடப் புகையில் மூச்சுக்குழாய் மெல்லச் சுருங்கி வரும் நோய். ஒரு வயதுக் குழந்தையின் நிமோனியாவை வைத்து அதற்குத் தீர்ப்பு எழுத முடியாது.

இன்னொன்று. ஹாப்பினில் குழந்தைகள் சுவாசித்த நுண்துகள், அதாவது நுரையீரலுக்குள் போகும் மிகச் சிறிய புகைத்துகள், விறகு வீட்டில் கனமீட்டருக்கு சுமார் 66 மைக்ரோகிராம், கேஸ் வீட்டில் சுமார் 24. உலக சுகாதார நிறுவனம் ஆண்டு சராசரிக்குச் சொல்லும் வரம்பு 5. அடுப்பு மாறினாலும் அவர்கள் சுத்தக் காற்றுக்கு வந்துவிடவில்லை. குவாத்தமாலாவில் முன்பு புகைபோக்கி அடுப்பு வைத்துச் செய்த ஆய்வில் ஆக்ஸிஜன் குறையும் அளவுக்கான கடுமையான நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கோட்டையூரான்:
அதே குவாத்தமாலா ஆய்வில் மொத்த நிமோனியாவில் உறுதியான வித்தியாசம் வரவில்லையே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? உங்களுக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கினால் எப்படி?

மருந்துப்பெட்டி:
சரி, நியாயமான கேள்வி. பிரதான கேள்விக்கு உறுதியான விடை இல்லை, கடுமையான நோய் துணைக் கேள்விதான். நிமோனியா விஷயத்தில் இன்னும் சண்டை இருக்கிறது. சமைப்பவரின் நுரையீரல் விஷயத்தில் அவ்வளவு சண்டை இல்லை.

மெஸ் நடத்துபவன்:
19 கிலோ சிலிண்டர் விலையைப் பார்த்தீர்களா? நானும் இதே ஊரில் விறகில்தான் ஓட்டுகிறேன். எங்கள் சமையல் அக்காவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. என்ன சோதனை?

மருந்துப்பெட்டி:
ஸ்பைரோமெட்ரி. வாயில் குழாயை வைத்து முழு மூச்சையும் வேகமாக ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுத்த பிறகும் முதல் நொடியில் வரும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கிறது. சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். அதுவரை அடுப்பைக் கூரைக்கு வெளியே கொண்டுபோங்கள், காய்ந்த விறகு மட்டும் வாங்குங்கள்.

பள்ளத்தூர் வள்ளி:
ஊதாங்குழலுக்குப் பதில் ஒரு சின்ன ஃபேனும் வாங்கிக் கொடுங்கள் அண்ணே.

கோட்டையூரான்:
அக்காவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஆனால் கேஸில் வைத்த நாட்டுக்கோழிக் குழம்புக்கு நான் வரமாட்டேன்.