இரவில் இறங்கும் தொட்டித் தண்ணீர்: குளியலறைத் தரையை உடைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி (தக்கலை)

அனைவருக்கும் வணக்கம். கிணற்றிலிருந்து மோட்டார் மூலம் மொட்டைமாடியிலுள்ள சிமெண்ட் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறோம். மாலையில் நிரம்பி வழியும் வரை ஏற்றினாலும் விடிவதற்குள் ஏறக்குறைய பாதி இறங்கிவிடுகிறது; அதற்குக் கீழே இறங்குவதில்லை. எந்தக் குழாயும் சொட்டவில்லை, முற்றத்திலும் ஈரமில்லை. குளியலறையின் மேற்குச் சுவரில் பெயிண்ட் பொருமியிருப்பதைக் காட்டி, தரைக்குள் குழாய் உடைந்திருக்கும், டைல்ஸை உடைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் பிளம்பர். உடைக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில் (மார்த்தாண்டம்)

உடைப்பதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். இரவு படுக்கும் முன், தொட்டியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் கேட் வால்வை இறுக அடைத்து, நீர்மட்டத்தைத் தொட்டியின் உட்சுவரில் கரித்துண்டால் கோடிட்டுக்கொள்ளுங்கள். காலையில் மட்டம் அப்படியே இருந்தால் கசிவு வீட்டுக் குழாய்களில்தான். அப்போதும் தரையைத் தொடுவதற்கு முன், கழிப்பறை பிளஷ் தொட்டியில் சில துளி சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் பயன்படுத்தாமல் காத்திருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது. வால்வை அடைத்த பிறகும் மட்டம் இறங்கினால் கோளாறு தொட்டியிலோ, மோட்டாரிலிருந்து ஏறும் குழாயிலோ, சரியாக அடைபடாத அந்த வால்விலோ இருக்கலாம். மேற்குச் சுவரை மட்டும் சாட்சியாகக் கொள்ள வேண்டாம். தென்மேற்குப் பருவமழை சாய்ந்தடிக்கும் நம் மாவட்டத்தில் பெயிண்ட் பொருமாத மேற்குச் சுவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பதில் (குலசேகரம்)

பாதிக்குக் கீழே இறங்குவதில்லை என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. மோட்டாரிலிருந்து ஏறும் குழாயின் வாய் தொட்டிக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அது நீருக்குள் மூழ்கியிருந்து, கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வும் சரியாக மூடாவிட்டால், மோட்டார் நின்றவுடன் தண்ணீர் வந்த வழியே திரும்பிக் கிணற்றுக்குள் இறங்கும். நீர்மட்டம் குழாய் வாய்க்கு வந்ததும் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடும். எங்கும் ஈரம் தெரியாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஏறும் குழாயில் வால்வு இருந்தால் ஓர் இரவு அதையும் அடைத்துப் பாருங்கள். ஆனால் அதைத் திறக்காமல் காலையில் மோட்டாரைப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வீட்டுக்கு இறங்கும் வால்வை அடைத்த இரவிலும் மட்டம் 40 சென்டிமீட்டர் இறங்கியது. தொட்டி 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்டது என்பதால், கணக்குப் போட்டால் 800 லிட்டர். ஏறும் குழாயின் வால்வையும் அடைத்த இரவில் கோடு அசையவே இல்லை. குழாயின் வாயும் மட்டம் வந்து நிற்கும் அதே உயரத்தில்தான் இருக்கிறது. குழாயை மேலே வெட்டிவிட்டால் போதுமா?

பதில் (குலசேகரம்)

போதாது. நிறைந்த நீர்மட்டத்துக்கு மேலே வாய் இருக்கும்படி வெட்டினால் தொட்டித் தண்ணீர் தப்பும். ஆனால் ஃபுட் வால்வு பழுதாகவே இருந்தால் குழாயிலுள்ள நீரெல்லாம் கிணற்றுக்குள் இறங்கி, மோட்டார் ஒவ்வொரு முறையும் காற்று பிடித்துக்கொண்டு தண்ணீர் எடுக்காமல் சுற்றும். ஆகவே முதலில் ஃபுட் வால்வை மேலே எடுத்து, மண்ணோ இலைச் சருகோ சிக்கியிருக்கிறதா, ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்த பின் குழாயை வெட்டச் சொல்லுங்கள். சுவருக்கு மழை ஓய்ந்து நன்றாகக் காய்ந்த பிறகு பெயிண்ட் அடித்தால் போதும்.