ஒபரேசனுக்குப் பிறகு கையிலை தாற அந்தப் பொத்தான் - உங்கட அனுபவம் என்ன?

வட்டக்கச்சியாள்:
அம்மாவுக்குக் குடலிலை பெரிய ஒபரேசன், கொழும்பிலை. கட்டி எடுத்தது. அதில்லை கதை. கையிலை ஒரு வயர், நுனியிலை பொத்தான். நொந்தா அமத்தச் சொல்லுங்கோ, மோர்பின் இறங்கும் எண்டு நேர்ஸ் சிங்களத்திலை சொல்ல, நான் அம்மாவுக்குச் சொல்லிப்போட்டு வந்திட்டன். விடியப் போறன், தலையணை வேர்வையிலை ஊறிக் கிடக்கு, மனுசி பல்லைக் கடிச்சுக்கொண்டு முகட்டைப் பாக்கிறா. டொக்டர் மெசினைத் தட்டிப் பாத்திட்டு, ராமுழுக்க ரெண்டே ரெண்டு தரம்தான் அமத்தியிருக்கிறா எண்டார். ஏனம்மா எண்டா, "பெட்டிக்குள்ளை கொஞ்சம்தானே பிள்ளை கிடக்கு, மற்றாக்களுக்கும் வேணுமெல்லே." முழு வாட்டுக்கும் அந்த ஒரு பெட்டிதானாம்! பொருளாதாரத் தடைக் காலத்திலை ஜாம் போத்தில் விளக்குக்கு மண்ணெண்ணெய் அளந்து ஊத்தின கை அது. அது உங்களுக்கு மட்டும்தான் எண்ட ஒரு வசனத்தை நான் சொல்லேல்லை.

முரசுமோட்டைப் பெடியன்:
எனக்கு மறுவளம். முள்ளந்தண்டு ஒபரேசன். முதல் ராத்திரி நூறு தரமாவது அமத்தியிருப்பன். அமத்த அமத்த "டிக்" எண்டும், எனக்கும் நோ இறங்கினமாதிரி இருக்கும். விடியச் சொல்லினம், ஒரு அமத்தலுக்கு 1 மில்லிகிராம், பிறகு 5 நிமிசத்துக்குப் பூட்டாம். மணித்தியாலத்துக்கு 12 மில்லிகிராமுக்கு மேலை தராது. அப்ப மிச்ச டிக் எல்லாம் வெறும் சத்தமோ? அக்கா, நீங்கள் பக்கத்திலை இருந்து அமத்தி விட்டிருக்கலாமே. பூட்டு இருக்குத்தானே, கூடிப்போகாது.

நெடுங்கேணி மருமகள்:
தம்பி, தயவு செய்து அப்பிடி எழுதாதேங்கோ. நான் அமத்தினனான். மாமி நித்திரையிலை முனகினா, பாவமெண்டு ஒருக்கா. பிறகும் முனகினா, பிறகும். நீங்கள் சொல்லுற பூட்டு அந்த மெசினிலும் இருந்தது. நேர்ஸ் வந்து தோளைத் தட்டினா, மாமி கண் திறக்கேல்லை. அவ மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு மாமியின்ரை நெஞ்சிலை கையை வைச்சு எண்ணினா. நிமிசத்துக்கு ஆறு மூச்சு. அந்த ஒரு நிமிசம் ஃபான் சுத்துற சத்தம் மட்டும்தான். நலோக்சோன் ஊசி போட்டு எழுப்பினவை. மருந்தின்ரை வேலையை முறிக்கிற ஊசியெல்லே, எழும்பின கையோடை அவ்வளவு நோவும் திரும்பி வந்து கத்தினா. கத்தினது எனக்குச் சந்தோசமாயிருந்தது எண்டா நம்புவியளோ? நித்திரை வந்தா நோயாளியின்ரை விரல் அமத்தாது, அதுதான் பெரிய பூட்டு. அதை உடைச்சது நான். மாமிக்கு இண்டைக்கும் தெரியாது.

ஒட்டுசுட்டான், இப்ப லண்டன்:
எனக்கு வயித்து ஒபரேசன், முதுகிலை ஊசிக்குழாய் வைச்சுப் பொத்தான் தந்தவை, சுகமாய்ப் போச்சு. ஆனா எல்லாரும் ஒரு மெசினைப் பற்றியே கதைக்கிறியள். நாளத்திலை மோர்பின் ஏறினா சத்தியும் தோல்கடியும் வரும், மலம் இறுகும். முதுகாலை குடுக்கிறது விறைப்பு மருந்தோடை கொஞ்சம் ஒபியொயிட், அதுதான் மோர்பின் இன மருந்து, கலந்தது. இருமவும் எழும்பி நடக்கவும் அதுதான் திறம், ஆனா பிறஷர் விழும், கால் பாரிக்கும், சலம் போகக் கஷ்டம். இரத்தம் இளக்கிற குளிசை எடுக்கிறவை கட்டாயம் முதலே சொல்லோணும். நாக்குக்குக் கீழை வைக்கிற சுஃபென்டனில் எண்ட ஒபியொயிட் குளிசையும் வந்தது, 15 மைக்ரோகிராம், 20 நிமிசப் பூட்டு, நாளத்திலை ஊசி தேவையில்லை. கையிலை ஒட்டி அமத்துற ஃபென்டனில் பெட்டியும் வந்தது, 40 மைக்ரோகிராம் மெல்லிய மின்னோட்டத்திலை 10 நிமிசமாய்த் தோலாலை இறங்கும். இப்ப சந்தையிலை இல்லை. இதைப் புற்றுநோய்க்காரர் 3 நாளுக்கொருக்கா மாத்துற பிளாஸ்ரரோடை குழப்பாதேங்கோ, அது வேறை. குறட்டை விட்டு மூச்சடைக்கிற ஆக்கள் மயக்க டொக்டரிட்டை ஒளிக்கக் கூடாது. கஞ்சி குடிக்கத் தொடங்கினாப் பிறகு...

மாத்தளனாலை வந்தவன்:
லண்டன் அண்ணை, நிப்பாட்டுங்கோ. ஆரும் கேக்கேல்லை. 2009 சண்டையிலை எனக்குக் கால் எடுக்கேக்கை மயக்க மருந்து தட்டுப்பாடு. கடிக்கச் சாரத் துண்டு ஒண்டு தந்தவை. அதிலை ஆற்றையோ பிள்ளையின்ரை பால் மணம். மற்றதெல்லாம் மறந்து போச்சு, அந்த மணம் போகேல்லை. வட்டக்கச்சி அக்கா, அம்மா ஏன் அமத்தேல்லை எண்டு எனக்கு விளங்குது.

வட்டக்கச்சியாள்:
எல்லாத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். கடைசியாய் எழுதின தம்பி எந்த ஊர் எண்டு கேட்டா. பிறகு கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை. இப்ப குசினிக்குள்ளை இருந்து கேக்கிறா, அந்தப் பெட்டியிலை மிஞ்சின மருந்தை ஆருக்குக் குடுத்தவையாம்.