கல்முனைப் பட்டறையில் கூம்பாகக் கடைந்த லேத்

இரும்பைச் சுழற்றிக் கடைகிற லேத் மெசின், ஒரே பருமனாக இல்லாமல் கூம்பாகக் கடைகிறது என்று அழைப்பு வந்தால், மெசினைப் பார்க்கும் முன்னமே பேரிங் விலை கேட்கிறவர்கள் எங்கட தொழிலில் நிறைய. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரப் பட்டறைகளில் நான் பார்த்த வரைக்கும், பழுது பாதிக்கு மேல் மெசினுக்கு வெளியேதான்: கீழே இருக்கிற மணல், வருகிற கரண்ட், உப்புக் காற்று.

கல்முனைப் பக்கத்துப் பட்டறை ஒன்று. பெரும்போக அறுவடை நெருங்குகிற நேரம். வெட்டு மெசின் ஷாப்டும் நெல் ஆலைச் சாமான்களும் வாசல் வரைக்கும் குவிந்து கிடந்தன. முதலாளி வயதானவர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம். "மகன், ஹெட்ஸ்டாக் பேரிங் போயிட்டாம். இனி இரும்புக் கடைக்குத்தான் எண்டு சொல்லிட்டுப் போயிட்டாங்க. இருபது வருசமா இதுலதான் எங்கட சோறு." சொல்லும்போதே கை, வேலைப்பொருளைப் பிடிக்கிற சக்கைத் தடவிக்கொண்டிருந்தது.

சின்ன ஆட்டத்தையும் காட்டுகிற டயல் கேஜை வைத்து, ஹெட்ஸ்டாக் என்கிற தலைப்பகுதிக்குள் இருந்து சக்கைச் சுழற்றுகிற ஸ்பிண்டிலை நெம்பிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. ஓடவிட்டுப் பார்த்தேன், சத்தமும் இல்லை, சூடும் இல்லை. தடித்த கம்பி ஒன்றை மறுமுனையைத் தாங்குகிற டெயில்ஸ்டாக் இல்லாமல் சக்கில் மட்டும் பிடித்து, மெல்லிய வெட்டாக இரண்டு இடத்தில் கடைந்து மைக்ரோமீட்டரால் அளந்தேன். வெளிமுனைதான் பருமன். டெயில்ஸ்டாக் விலகலுக்கு இதில் பங்கே இல்லை. அப்படியென்றால் ஹெட்ஸ்டாக் திரும்பியிருக்க வேணும், இல்லாட்டி இதெல்லாம் உட்கார்ந்திருக்கிற நீள அடிப்பகுதியான பெட் முறுகியிருக்க வேணும்.

அந்த நேரம் மெசினில் நிற்கிற பொடியன் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். "சேர், முந்தி கூலன்ட் தண்ணி தட்டு நடுவுல நிக்கும். மழைக்குப் புறகு இந்த முன்மூலைக்குத்தான் ஓடி வருது."

என்னைக் கேட்டால் அந்தப் பொடியனுக்குத்தான் அன்றைய சேர்விஸ் காசைக் கொடுத்திருக்க வேணும். மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சரிவையும் காட்டுகிற குமிழ் லெவலை எடுத்துப் பெட்டுக்குக் குறுக்கே வைத்தேன். சக் பக்கம் குமிழ் நடுவில் நின்றது. டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டுபோனதும் பின்பக்கம் ஓடி விளிம்பில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கத்து முன்கால் இறங்கிவிட்டது. அந்த இடத்தில் வெட்டுகிற கூர் பூட்டின கேரேஜ் முன்னுக்குச் சாய, அந்தக் கூர் வேலைப்பொருளை விட்டு விலகும். பருமன் கூடுவது அதனால்தான்.

வெளியே போய்ப் பார்த்தால், கூரைத் தண்ணீர் முழுக்க அந்த மூலைச் சுவரோரம்தான் விழுகிறது. வடகீழ்ப் பருவமழை மணலை அரித்துக்கொண்டு போக, மெல்லிய கொங்கிறீட் தளம் உள்ளே வெறுமையாகிவிட்டது. தட்டினால் பானைச் சத்தம்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, தளத்தை உடைத்து, ஆழமாகக் கம்பி கட்டிக் கொங்கிறீட் போட்டோம். நன்றாக இறுகும் வரைக்கும் காக்காவைப் பொறுக்க வைத்ததுதான் கஷ்டமான வேலை. மறுகா தடித்த இரும்புத் தகடு வைத்து, லெவல் போல்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, இரண்டு முனையிலும் குமிழை ஒன்றாக்கினோம். அதே கம்பியைத் திரும்பக் கடைந்து மைக்ரோமீட்டரைப் பொடியன் கையிலேயே கொடுத்தேன். இரண்டு இடமும் ஒரே அளவு.

புதுத் தளம் இன்னும் கொஞ்சம் இறங்கும். அதனால் அறுவடை வேலை முடிந்ததும் ஒருக்கா லெவல் பார்க்க வேணும். கூரைக்குப் பீலி போட்டுத் தண்ணீரை றோட்டுப் பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறேன். காக்கா அன்றைக்கே பீலி போடுகிற பாஸுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.