ரேங்கின் சைக்கிள் கணக்கு: எனக்கு 20.9%, விடைப் பக்கத்தில் 35.3%

மூன்றாம்_வருட_மெக்கானிக்கல்
ரெண்டு நாளாக ஒரே கணக்கோடு மல்லுக்கட்டுகிறேன். ரேங்கின் சைக்கிளின் (தண்ணீரை நீராவியாக்கி டர்பைனைச் சுற்றவிட்டு, மறுபடி தண்ணீராக்கும் சுழற்சி) எஃபிஷியன்சி, அதாவது கொடுத்த வெப்பத்தில் எத்தனை சதவீதம் வேலையாகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நீராவி 40 பார் அழுத்தத்தில், 400 டிகிரியில் டர்பைனுக்குள் போகிறது, கண்டன்சர் (நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்குவது) 0.1 பார், ரீஹீட் (நடுவில் நீராவியை மறுபடி சூடாக்குவது) எதுவும் இல்லை. ஸ்டீம் டேபிளைப் பார்த்து டர்பைனுக்கு முன்னால் என்தால்பி (நீராவி சுமந்து வரும் ஆற்றல்) 3214.5, பின்னால் 2583.9, கண்டன்சர் தண்ணீருக்கு 191.8 என்று எடுத்தேன் (எல்லாம் கிலோஜூல்/கிலோ). பம்ப் வேலை 0.00101 × 39.9 = 0.04. எப்படிப் போட்டாலும் 20.9 தான் வருகிறது. புத்தகத்தில் அச்சுப்பிழையா?

பழைய_வாத்தியார்
புத்தகம் சரிதான் தம்பி. 2583.9 என்பது 0.1 பாரில் முழுக்க உலர்ந்த நீராவிக்கு உரியது, ஆனால் டர்பைனை விட்டு வெளியே வருவது ஈர நீராவி. ஐடியல் டர்பைனில் (எந்த நஷ்டமும் இல்லாதது) என்ட்ரோபி (ஆற்றல் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதன் அளவு) மாறாது, அதைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். உள்ளே போகும்போது 6.7714. 0.1 பாரில் தண்ணீருக்கு 0.6492, ஆவியாகும்போது கூடுவது 7.4996. அப்போ டிரைனஸ் ஃப்ராக்ஷன், அதாவது ஈர நீராவியில் ஆவியாக இருக்கும் பங்கு, (6.7714 − 0.6492) ÷ 7.4996 = 0.8163. வெளிவரும் என்தால்பி 191.8 + 0.8163 × 2392.1 (இது 2583.9 − 191.8), அதாவது சுமார் 2144.5. டர்பைன் வேலை 3214.5 − 2144.5 = 1070.

பம்பிலும் கோட்டை விட்டிருக்கிறீர்கள். பாரை கிலோபாஸ்கலாக்க 100-ஆல் பெருக்க வேண்டும், 0.04 அல்ல, 4.03. விடையில் பெரிய வித்தியாசம் வராது (35.4 வந்திருக்கும்), ஆனால் பேப்பர் திருத்துகிறவர் அந்த வரியில்தான் சுழிப்பார். கடைசியில் பம்ப் வேலை போக மிஞ்சும் 1066 ÷ கொடுத்த வெப்பம் 3018.7 = 35.3%.

மூன்றாம்_வருட_மெக்கானிக்கல்
வந்துவிட்டது சார், ரொம்ப நன்றி! ஆனால் நிஜ டர்பைனில் என்ட்ரோபி மாறாமலா இருக்கும்?

நைட்_ஷிஃப்ட்
இருக்காது. டர்பைன் எஃபிஷியன்சி 85% என்று வைத்தால் 1070 என்பது 909.5 ஆகிவிடும், சைக்கிள் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால் டிரைனஸ் 0.88-க்கு ஏறியிருக்கும். நல்லது மாதிரி தெரியும், ஆனால் வேலையாக வர வேண்டியது வெப்பமாகவே கண்டன்சருக்குப் போகிறது, அவ்வளவுதான். கடைசி வரிசை பிளேடுகளை நீர்த்துளிகள் கொஞ்சம் குறைவாக அரிக்கும், அந்த ஒரு லாபம்.

பிளான்டில் நாங்கள் ஹீட் ரேட் (ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் செலவாகும் எரிபொருள் வெப்பம்) என்றுதான் பேசுவோம். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரிக்குச் சமம். 2400 கிலோகலோரி/யூனிட் என்றால் 860 ÷ 2400 = 35.8%. அதில் பாய்லர் நஷ்டமும் சேர்ந்திருக்கிறது, அதனால் உங்கள் 35.3-ஐ அதோடு ஒப்பிடாதீர்கள், இன்டர்வியூவில் மாட்டிக்கொள்வீர்கள். நிஜ பிளான்டில் 535 டிகிரி, ரீஹீட், ஃபீட் ஹீட்டர்கள் (பாய்லருக்குப் போகும் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்குபவை) எல்லாம் இருப்பதால்தான் அந்த எண்ணே வருகிறது.

அப்புறம், இதே கணக்கைக் கண்டன்சர் 0.2 பார் என்று வைத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

மூன்றாம்_வருட_மெக்கானிக்கல்
33.1 வருகிறது அண்ணா. வெறும் 0.1 பாருக்கா இவ்வளவு?

நைட்_ஷிஃப்ட்
ஆமாம். மே மாதம் கூலிங் வாட்டர் சூடாகி கண்டன்சரில் வேக்யூம் இறங்கும்போது (அதாவது அழுத்தம் கூடும்போது) ஷிஃப்டில் எல்லோர் கண்ணும் அந்த ஒரு மீட்டரில்தான் இருக்கும்.