செக்‌ஷன் கமாண்டர்களுக்குத் தற்கொலைத் தடுப்பு வகுப்பு: என்ன சொல்லிக்கொடுப்பது?

மூன்றாம்பட்டை
வணக்கம். ராணுவத்தில் பத்துப் பேரைக் கையில் வைத்திருக்கும் செக்‌ஷன் கமாண்டர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு தயார் செய்கிறேன். கையில் இருக்கும் ஸ்லைடில் அறிகுறி என்று இருபது வரி போட்டிருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் பேரக்கில் பாதிப்பேர் அதில் வந்துவிடுவார்கள். யாரைக் கவனிப்பது, சண்டைக்குப் போய்வந்தவர்களையா? நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடாதா? ஆளிடம் ஆயுதம் இருந்தால் எப்படி வாங்குவது? டாக்டர் வரும்வரை கமாண்டர் செய்ய வேண்டியது மட்டும் போதும்.

நெறியாளர்
இழையைப் படிப்பவர் யாருக்காவது இப்போதே அந்த எண்ணம் இருந்தால், படிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அல்லது அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

வெள்ளைக்கோட்டு
போர்முனைதான் காரணம் என்ற கணக்கை முதலில் அழியுங்கள். அமெரிக்கப் படையினரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2013-ல் வெளியான பெரிய ஆய்வில், சண்டைப் பணிக்கும் தற்கொலைக்கும் தனித்த தொடர்பு தெரியவில்லை. மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, அளவுமீறிய குடி, ஆணாக இருப்பது ஆகியவைதான் தொடர்புள்ளவையாக நின்றன.

அதனால் இருபது அறிகுறிக்குப் பதில் நிகழ்வுகளைக் கவனிக்கச் சொல்லுங்கள்: உறவு முறிவு, ஒழுங்கு விசாரணை, கடன், மறுக்கப்பட்ட லீவு, காயத்தால் மருத்துவத் தரம் இறங்குவது. இதில் இரண்டு ஒரே மாதத்தில் வந்து, ஆளுக்குத் தூக்கமும் போய்விட்டால் அன்றே உட்கார்ந்து பேச வேண்டும். அதிகம் கோட்டை விடுவது விசாரணை விஷயத்தில்தான். வாரக் கடைசியில் மாலை நோட்டீஸைக் கையில் கொடுத்து "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். நோட்டீஸ் கொடுப்பவர், அன்று இரவு அவனோடு யார் இருப்பார் என்று தீர்மானித்த பிறகே கொடுக்க வேண்டும்.

கேட்பதால் எண்ணம் முளைக்காது. இது ஆய்வு செய்து பார்த்த விஷயம். மழுப்பிக் கேட்பதுதான் ஆபத்து. "தப்பா ஒண்ணும் நினைக்கலையே?" என்றால் "இல்ல சார்" என்ற பதிலை நீங்களே கையில் கொடுத்த மாதிரி. தற்கொலை அபாயத்தைக் கேள்வி கேட்டு மதிப்பிடும் கொலம்பியா அளவுகோலின் வரிசை எளிது. "செத்துட்டா தேவலைன்னு தோணுதா?" அடுத்து, "தற்கொலை பண்ணிக்கணும்னு நினைச்சியா?" இரண்டாவதற்கு ஆமாம் என்றால்: எப்படி என்று யோசித்தானா, செய்துவிடும் எண்ணம் இருக்கிறதா, திட்டம் போட்டானா. பதில் எதுவானாலும் கடைசியாக ஒன்று: முன்பு ஏதாவது முயற்சியோ ஏற்பாடோ செய்ததுண்டா, அது இந்த மூன்று மாதத்துக்குள்ளா? செய்துவிடும் எண்ணம், திட்டம், அல்லது மூன்று மாதத்துக்குள் முயற்சி, இதில் ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கமாண்டர்களுக்கு இதுதான் வராது. "நீ சிங்கம்டா" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

கதவடி
"செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கும் பழக்கத்தையும் வகுப்பில் பெயர் சொல்லித் தடுங்கள். அந்தக் காகிதம் வாங்கியவரைத்தான் காப்பாற்றும். 2017-ல் வெளியான ஆய்வில் 97 அமெரிக்க வீரர்களை வைத்து ஒப்பிட்டார்கள். வாக்குறுதி வாங்கியவர்களைவிட, நெருக்கடியில் என்ன செய்வது என்று தன் கையால் அட்டையில் எழுதிக்கொண்டவர்களிடம் முயற்சிகள் 76% குறைவு. அட்டையில் அவன் வார்த்தையே இருக்க வேண்டும்: தனக்கு முற்றுகிறது என்று எதைவைத்துத் தெரியும், தனியாக என்ன செய்தால் தணியும், யாரோடு போய் இருக்கலாம், டாக்டர் எண், அவசர எண். "நல்லதையே நினை" என்று எழுதினால் ராத்திரி இரண்டு மணிக்கு உதவாது.

ஆயுதம். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களைக் கேட்ட ஓர் ஆய்வில், ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எண்ணம் வந்ததற்கும் முயன்றதற்கும் இடையே பத்து நிமிடம்கூட இல்லை. இஸ்ரேல் படையில் 2006 முதல் வாரக் கடைசி லீவுக்குத் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோவதைத் தடுத்தார்கள். தற்கொலை 40% இறங்கியது. வார நாட்களில் மாற்றம் பெரிதாக இல்லை, வாரக் கடைசியில்தான் குறைந்தது. எட்டாத தூரத்தில் இருந்தால் அந்த வேகம் தணிய நேரம் கிடைக்கிறது.

அணிவகுப்பில் எல்லோர் முன்னாலும் ஆயுதத்தைப் பிடுங்கினால், அடுத்து ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். ரோஸ்டரில் (பணிப் பட்டியலில்) அவனோடு சேர்த்து இரண்டு மூன்று பேரை ஆயுதமில்லாத வேலைக்கு மாற்றுங்கள். காரணத்தை அவனிடம் மறைக்காதீர்கள்: "சில நாளைக்குத்தான். இன்ன தேதியில் டாக்டரோடு உட்கார்ந்து முடிவு பண்ணலாம்." தனியாகச் சென்ட்ரி (காவல்) நிற்க விட வேண்டாம். தனக்குச் சொந்தமான துப்பாக்கி வீட்டில் இருந்தால், குடும்பத்தாரிடம் பேசி அதையும் வெளியே பாதுகாப்பில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள். மாத்திரையை மாதத்துக்கு மொத்தமாகக் கொடுக்காமல் வாரம் வாரம் கொடுக்க டாக்டரிடம் கேளுங்கள்.

டாக்டரிடம் டிரைவரோடு அனுப்பி வைப்பது கணக்கில்லை. கமாண்டரே கூடப் போய், "தற்கொலை எண்ணம் இருக்கு, திட்டமும் இருக்கு" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். "கொஞ்சம் டல்லா இருக்கான் சார்" என்றால் தலைவலி மாத்திரையோடு திரும்பி வருவான்.

மூன்றாம்பட்டை
நன்றி. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க"ன்னு கேட்டா? சிகிச்சை முடிஞ்சு திரும்பி வந்த பிறகு?

வெள்ளைக்கோட்டு
அந்த வாக்கைக் கொடுக்கவே கூடாது. "தெரிஞ்சாக வேண்டியவங்களுக்கு மட்டும் சொல்வேன், அது யார் யார்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பது போதும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சில வாரங்கள்தான் அதிக ஆபத்து. யூனிட்டோ "சரியாயிட்டான்" என்று தளர்ந்துவிடும். அமெரிக்கப் படையில் செய்த ஓர் ஆய்வில் மறுநாள், ஒரு வாரம், பிறகு மாதங்கள் இடைவெளியில் ஓராண்டுக்குச் சின்ன மெசேஜ் போட்டார்கள். 2019-ல் வெளியான முடிவில், முதன்மை அளவுகளில் (ஓராண்டு முடியும்போது இருந்த எண்ணம், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நெருக்கடி) வித்தியாசம் வரவில்லை. ஆனால் அந்த ஓராண்டுக்குள் எப்போதாவது எண்ணம் வந்தவர்களும் தற்கொலைக்கு முயன்றவர்களும் குறைவு. "எப்படி இருக்கே? நினைச்சேன், அவ்வளவுதான். பதில் போடணும்னு இல்ல." வேலை எதுவும் இதில் சேர்க்காதீர்கள். கமாண்டர் மாற்றலாகிப் போனால் தேதிப் பட்டியலை அடுத்தவரிடம் நேரில் கொடுக்க வேண்டும்.

மூன்றாம்பட்டை
ஆயுத அறை ரிஜிஸ்டரில் அவன் பெயருக்கு நேரே குறி போடலாமா?

கதவடி
வேண்டாம் சார், அதை வரிசையில் நிற்கிற எல்லோரும் பார்ப்பார்கள். பொறுப்பாளரிடம் தனிச்சீட்டு: பெயர், "என் கையெழுத்து இல்லாமல் கொடுக்க வேண்டாம்", மறுபரிசீலனைத் தேதி. காரணம் எழுத வேண்டாம். ஷிப்ட் மாறும்போது சீட்டையும் கைமாற்றச் சொல்லுங்கள். காலையில் வரும் புது ஆள் விஷயம் தெரியாமல் எடுத்துக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.