புதுப்பிப்பு: தெருமுனைப் பூவரசு

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருமுனைப் பூவரசை வாய்க்கால் வேலைக்காக வெட்டப்போகிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். சின்ன வயதில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியதாகவும் சொல்லியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்.

எதிர்வீட்டு ஆயாவிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். "நீ ஊதின மரம் தானே புயல்லேயே போயிடுச்சுப்பா. இது அதோட கிளை." 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது வேரோடு சாய்ந்ததாம். கிடந்த மரத்தில் கைக் கனத்துக்கு ஒரு போத்து வெட்டி ஆயாதான் நட்டிருக்கிறார். பூவரசுக்கு அது போதும், வேர்விட்டுவிடும். நான் அப்போது சென்னையில். திரும்பி வந்தபோது மரம் நின்றது, பழைய மரம்தான் என்று நினைத்துக்கொண்டேன். (பாதிரி மரத்தால் பெயர்பெற்ற ஊர்க்காரனின் லட்சணம்!)

சரி, வாய்க்காலை ஓரடி தள்ளித் தோண்டுகிறார்கள். ரோட்டுப் பக்கக் கிளைகள் மட்டும் போயின. அதில் இரண்டை ஆயா ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார். காலையில் மஞ்சளாக இருந்த பூ, சாயங்காலம் சிவந்து சாக்கின்மேல் கிடந்தது. போத்து வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.