[உதவி] நேண்ட் கேட்டில் எக்ஸார்: கையைக் கிட்டே கொண்டு போனாலே எல்இடி எரிகிறது!!

தூக்கமில்லா_டிப்ளோமா (இரவு 11:42)
நாளைக் காலை 8 மணிக்கு லேப் டெமோ. ஒரே ஐசியில் உள்ள நாலு நேண்ட் கேட்டையும் (இரண்டு இன்புட்டும் 1 ஆனால் மட்டும் 0 தருமே, அது) இணைத்து எக்ஸார் செய்ய வேண்டும்: இரண்டு ஸ்விட்சில் ஏதாவது ஒன்று மட்டும் போட்டால் எல்இடி எரிய வேண்டும். நோட்ஸில் இருப்பதுபோலவேதான் ஒயர் போட்டேன். மூன்று தடவை பிரித்துக் கட்டியாயிற்று. ஸ்விட்சைத் தொடாமலேயே எல்இடி எரிகிறது, அணைகிறது. கையைப் பக்கத்தில் கொண்டு போனால் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது. யாராவது உதவுங்கள், ப்ளீஸ்.

மின்மினி77 (11:49)
என்ன ஐசி? எத்தனை வோல்ட்? ஸ்விட்சை எப்படி இணைத்தீர்கள்? படம் எங்கே?

கரண்ட்_கோபால் (11:51)
இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, தம்பி. இன்புட் மிதக்கிறது, அவ்வளவுதான். சிமாஸ் வகை ஐசியின் இன்புட்டை எதிலும் ஒட்டாமல் விட்டால் அது 0-வும் இல்லை, 1-உம் இல்லை. பக்கத்தில் கை வந்தாலே புரண்டு படுக்கும். முதல் செமஸ்டர் பாடம்.

தூக்கமில்லா_டிப்ளோமா (11:58)
தம்பி இல்லை, தங்கச்சி. 5 வோல்ட், பழைய போன் சார்ஜர். ஐசி 7400தான், நேண்ட் என்றால் அதுதானே. ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது இன்புட்டை 0-க்கு இழுக்க, இரண்டுக்கும் 10 கிலோ ஓம் புல்-டவுன் ரெசிஸ்டர் போட்டிருக்கிறேன். எந்த இன்புட்டையும் மிதக்க விடவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டேன். முதல் கேட்டை மட்டும் தனியாகச் சோதித்தபோது நன்றாகவே வேலை செய்தது.

சாலிடர்_சாமி (இரவு 12:03)
போன் சார்ஜரா? அதுதான் வினை. 14-வது காலுக்கும் 7-வது காலுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். நான் எதற்கும் முதலில் அதைத்தான் வைப்பேன்.

மின்மினி77 (12:06)
ஒயர் செருகும் பலகை நீளமான ப்ரெட்போர்டா? சிலவற்றில் ஓரத்துச் சிவப்பு வரிசை நடுவில் அறுந்திருக்கும். ஒரு பாதியில் மட்டும் கரண்ட் வரும். நான் இரண்டு நாள் அழுதிருக்கிறேன்.

கரண்ட்_கோபால் (12:10)
7400-இல் எந்த வகை? எல்எஸ்ஸா, சிமாஸான ஹெச்சியா? இதைக்கூடச் சொல்லாமல் உதவி கேட்கிறார்கள். எல்எஸ் என்றால் 10 கிலோ ஓம் போதவே போதாது. அதன் இன்புட்டைக் கீழே இழுக்க 0.4 மில்லி ஆம்பியர் வரை வேண்டியிருக்கும். 1 கிலோ ஓம் போட்டுவிட்டுப் படுக்கப் போ.

ஆர்டுயினோ_ரசிகன் (12:14)
இந்தக் காலத்தில் யார் நேண்ட் கேட்டை ஒயரில் கட்டுகிறார்கள்? ஆர்டுயினோ போர்டில் ஒரே வரி ப்ரோகிராம், முடிந்தது. பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும்.

சாலிடர்_சாமி (12:16)
அந்த ஒரு வரிக்கு அடியில் என்ன ஓடுகிறதாம்? பருப்பு வேகாமல் சாம்பார் வராது, ஐயா.

தமிழில்_எழுதுவோம் (12:19)
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கேட், கேட் என்கிறீர்களே, தமிழில் ‘தர்க்க வாயில்’ என்று எழுதலாமே.

யாழ்ப்பாணத்து_மருமகன் (12:21)
எங்கள் ஊர்ப் பாடத்தில் ‘தர்க்கப் படலை’. படலை என்றால் வேலியில் திறந்து மூடுவோமே, அது. வாயில் எப்போதும் திறந்தே கிடக்கும், படலைக்குத்தான் திறப்பும் மூடலும் உண்டு. பொருத்தம் எது?

தமிழில்_எழுதுவோம் (12:24)
வாயிலுக்குக் கதவு இருக்காதா? என்ன பேச்சு இது?

பாயான்_லெப்பாஸ்_மாமா (12:31)
பிள்ளை, சண்டையை விடு. மீட்டர் இருக்கிறதா? இரண்டு ஸ்விட்சையும் அணைத்துவிட்டு 4-வது காலில் எத்தனை வோல்ட் என்று சொல்.

தூக்கமில்லா_டிப்ளோமா (12:38)
4.9. ஸ்விட்ச் அணைந்துதான் இருக்கிறது மாமா, புல்-டவுனும் இருக்கிறது. 0 தானே வர வேண்டும்?

கரண்ட்_கோபால் (12:39)
நான் சொன்னதுதான். 1 கிலோ ஓம்.

பாயான்_லெப்பாஸ்_மாமா (12:47)
இல்லை, கோபால். எல்எஸ் இன்புட்டை அந்தரத்தில் விட்டாலும் இரண்டு வோல்ட்டைக்கூடத் தொடாது. 4.9 என்றால் அந்தக் கால் வாங்கவில்லை, கொடுக்கிறது. இன்புட் என்று நினைத்து இவள் ஸ்விட்சைக் கொண்டுபோய் ஓர் அவுட்புட்டில் கட்டியிருக்கிறாள்.

பிள்ளை, 7400-இல் இரண்டாவது கேட்டுக்கு 4, 5 உள்ளே, 6 வெளியே. மூன்றாவதற்கு 9, 10 உள்ளே, 8 வெளியே. சிடி4011 என்று இன்னொரு நேண்ட் ஐசி உண்டு. அதற்கும் 14 கால், நாலு கேட், 14-இல் பவர், 7-இல் கிரவுண்ட். முதல் கேட்டும் கடைசி கேட்டும் அச்சு அசல் ஒன்று. நடுவில் இருக்கும் இரண்டும்தான் மாறும்: 5, 6 உள்ளே, 4 வெளியே, 8, 9 உள்ளே, 10 வெளியே. அதனால்தான் முதல் கேட் உன்னை ஏமாற்றியது. நீ அவுட்புட் என்று நினைத்து 6-ஐயும் 8-ஐயும் கடைசி கேட்டுக்கு இழுத்திருப்பாய். அவை இன்புட். இரண்டு பக்கமும் இன்புட்டானால் ஒயர் மிதக்கத்தானே செய்யும்? உன் கையைப் பார்த்து ஆடுவது அந்தக் கடைசி கேட்தான்.

டார்ச் அடித்து ஐசி முதுகைப் படி. 5 வோல்ட்டில் 4011-இன் அவுட்புட் பலவீனம், எதுவும் எரிந்திருக்காது.

சிப் கம்பெனி இன்டெல் 1972-இல் எங்கள் மலேசியப் பினாங்குக்கு வந்த காலத்திலிருந்து இங்கே ஐசி சோதிக்கிறார்கள். முதுகில் அச்சைப் பார்க்காமல் யாரும் சாக்கெட்டில் செருக மாட்டார்கள்.

மின்மினி77 (12:50)
அடேங்கப்பா.

கரண்ட்_கோபால் (12:52)
மிதக்கிறது என்று முதலில் சொன்னது நான்.

தூக்கமில்லா_டிப்ளோமா (இரவு 1:34)
4011 😭 ஜாலான் பாசார் கடையில் 7400 கேட்டேன், “ரெண்டும் ஒண்ணுதான்” என்று கொடுத்தார்கள். நடு கேட் இரண்டையும் மாற்றிக் கட்டினேன். ஸ்விட்ச் நிலை 00, 01, 10, 11 நாலும் சரி. எல்இடி கொஞ்சம் மங்கல், பரவாயில்லை. நன்றி மாமா. தூங்கப் போகிறேன்.

யாழ்ப்பாணத்து_மருமகன் (1:41)
படலை திறந்தது.

தமிழில்_எழுதுவோம் (1:43)
வாயில்.

புது_உறுப்பினர் (காலை 7:15)
வணக்கம், எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் ஐசி சூடாகிறது. என்ன செய்வது? அவசரம்.

மின்மினி77 (7:20)
என்ன ஐசி?